மிஸ் மார்ப்பிளை இனி யார் வேண்டுமானாலும் எழுதலாமா?

2026 ஜனவரி 1ஆம் தேதி, 1930ல் வெளியான புத்தகங்களின் பதிப்புரிமை அமெரிக்காவில் முடிந்தது. அவற்றில் துப்பறியும் கதை வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள் மூன்று உண்டு: அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் அட் தி விக்கரேஜ்’, டேஷியல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’, இளம்பெண் துப்பறிவாளரான நான்சி ட்ரூ வரிசையின் முதல் நான்கு நாவல்கள். கிறிஸ்டியின் புத்தகம், துப்பறியும் கிராமத்துப் பாட்டியான மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல். அப்படியானால் மார்ப்பிள் இனி பொதுச்சொத்து, தமிழில் மொழிபெயர்க்கலாம், ஏன், அந்தப் பாட்டியைக் கும்பகோணத்துக்கே கூட்டிவந்து புதுக் கதை எழுதலாம் என்று தோன்றுவது இயல்பு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை அமெரிக்காவைத் தாண்டி வராது.

ஏன் என்று பார்க்க அடிப்படையிலிருந்து வருவோம்.

முதலில் நான்கு சொற்கள்

1. பதிப்புரிமை: எழுதியவருக்கு அந்த எழுத்தின் மீதுள்ள உரிமை. அச்சிட, மொழிபெயர்க்க, நாடகமாக்க, படமாக்க எல்லாவற்றுக்கும் அவர் அனுமதி வேண்டும். இறந்த பிறகு அந்த உரிமை வாரிசுகளுக்கு, அல்லது அவர் எழுதிக்கொடுத்தவர்களுக்குப் போகும். காலக்கெடு உண்டு.

2. பொதுச்சொத்து: அந்தக் கெடு முடிந்த எழுத்து. யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் பணம் தர வேண்டாம்.

3. நாட்டுடைமை: இது நம் ஊர் ஏற்பாடு. கெடு முடியும்வரை காத்திராமல், தமிழ்நாடு அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து எழுத்தை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. கல்கியின் எழுத்துகள் அப்படித் திறக்கப்பட்டவை. அமெரிக்காவில் நடந்தது இது அல்ல. அங்கே அரசு யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, நாட்காட்டி திரும்பியது, அவ்வளவுதான்.

4. வணிகமுத்திரை: பெயரையோ சின்னத்தையோ வியாபார அடையாளமாகப் பதிவு செய்து வைப்பது. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் இதற்கு முடிவே கிடையாது. அகதா கிறிஸ்டி லிமிடெட் நிறுவனம் ‘அகதா கிறிஸ்டி’ என்ற பெயரையும், அவர் படைத்த துப்பறிவாளர்களான ‘பொய்ரோ’, ‘மார்ப்பிள்’ பெயர்களையும் பதிவு செய்து வைத்திருக்கிறது.

ஒரே எழுத்தாளர், நாட்டுக்கொரு தேதி

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பழைய புத்தகங்களுக்கு அமெரிக்கா புத்தகம் வெளியான ஆண்டிலிருந்து கணக்கு வைக்கிறது: 95 ஆண்டு. எழுத்தாளர் எப்போது இறந்தார் என்பது அங்கே பொருட்டில்லை. மற்ற நாடுகள் பெரும்பாலும் எழுத்தாளரின் மரணத்திலிருந்து எண்ணுகின்றன. கிறிஸ்டி இறந்தது 1976 ஜனவரி 12. கணக்கு எப்போதும் அந்த ஆண்டின் முடிவிலிருந்து தொடங்கும்.

- இந்தியா: மரணத்துக்குப் பின் 60 ஆண்டு. 2036 முடியும்வரை உரிமை உண்டு.
- இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன்: 70 ஆண்டு. 2046 முடியும்வரை.
- மலேசியா: இப்போதுள்ள சட்டப்படி 50 ஆண்டு. 2026 முடியும்வரை.

ஆக, சட்டம் மாறாமல் இருந்தால், கிறிஸ்டியை அனுமதி கேட்காமல் தமிழில் அச்சிடும் வாய்ப்பு முதலில் கிடைக்கப்போவது கோலாலம்பூர் பதிப்பாளருக்கு. சென்னைக்காரர் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும், யாழ்ப்பாணத்துக்காரர் இருபது ஆண்டு. மலேசியாவில் அச்சிட்டு இங்கே கொண்டுவந்து விற்கலாமே என்று யாராவது நினைத்தால், இந்தியாவில் விற்பதற்கு இந்தியச் சட்டம்தான்.

இந்தியாவின் 60 ஆண்டுக்கும் ஒரு கதை உண்டு. இங்கே முன்பு 50 ஆண்டுதான் இருந்தது. 1941ல் மறைந்த தாகூரின் உரிமை 1991 முடிவில் தீரவேண்டியிருந்தது. அதைக் கையில் வைத்திருந்த, அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துக்காகக் குரல் எழுந்து, 1992ல் எல்லோருக்குமாகப் பத்து ஆண்டு கூட்டினார்கள். தாகூருக்காகக் கூட்டியது கிறிஸ்டிக்கும் சேர்ந்துவிட்டது.

ஹாமெட்டின் கணக்கு இதற்கு நேர்மாறு. அவர் 1961ல் இறந்தார். இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்தே அவர் எழுதி, உயிரோடிருந்தபோது வெளியான அத்தனையும் பொதுச்சொத்து. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவல் இப்போதுதான் விடுதலையானது என்று அமெரிக்கர்கள் கொண்டாடும்போது நமக்கு அது நான்கு ஆண்டு பழைய செய்தி. இங்கே யாரும் கவனிக்கவில்லை, அது வேறு விஷயம்.

25 பவுண்டில் தொடங்கிய கணக்கு

உரிமை என்பது எழுத்தாளரின் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதற்குக் கிறிஸ்டியே நல்ல பாடம். முதல் உலகப் போரின்போது டார்க்கீ நகர மருத்துவமனையில் முதலில் செவிலியாக இருந்தார், பிறகு மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தார். விஷங்களைப் பற்றிய அறிவு அங்கே கிடைத்தது. 1916ல் முதல் துப்பறியும் நாவலை எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஜான் லேன் என்ற பதிப்பாளர், நீதிமன்றத்தில் நடப்பதாக இருந்த முடிவை மாற்றி எழுதச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார். 1920ல் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ வந்தது, அதோடு ஹெர்க்யூல் பொய்ரோவும் வந்தார்.

ஒப்பந்தம் படுமோசம். சுமார் 2000 பிரதிகள் விற்றபிறகுதான் ராயல்டி. கூடவே இன்னும் ஐந்து புத்தகங்களை அதே பதிப்பகத்துக்கே தரவேண்டும். தொடராக வெளியிட்ட உரிமையில் பாதியாக அவர் கையில் வந்தது 25 பவுண்டு. வேடிக்கை என்னவென்றால், அதற்கு 34 ஆண்டு முன்னால் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலை மொத்த உரிமையோடு விற்றதும் இதே 25 பவுண்டுக்குத்தான். துப்பறியும் கதை உலகின் இரண்டு பெரிய சொத்துகளுக்கும் ஆரம்ப விலை ஒன்று.

கிறிஸ்டி சீக்கிரம் கற்றுக்கொண்டார். ஆறு புத்தகக் கடனை முடித்துவிட்டு, ஏஜென்ட் வைத்துக்கொண்டு, காலின்ஸ் பதிப்பகத்துக்கு மாறினார். அங்கே வந்த முதல் நாவல்தான் 1926ல் பெரிய சர்ச்சையைக் கிளப்பிய ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’. அதே ஆண்டு டிசம்பரில் அவர் 11 நாள் காணாமல்போய், ஹாரோகேட் ஊர் ஹோட்டல் ஒன்றில் வேறு பெயரில் தங்கியிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டதும் அவர் பெயரை இன்னும் பரப்பியது. அந்த 11 நாளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். நம் விஷயத்துக்கு அதைவிட 1955 முக்கியம்.

அந்த ஆண்டில்தான் அகதா கிறிஸ்டி லிமிடெட் தொடங்கப்பட்டது. காரணம் வரி. அமெரிக்க வருமான வரித்துறையோடு வெகுகாலம் இழுபறி. பிரிட்டனிலோ பெரிய வருமானத்தில் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொண்ட காலம். அதனால் எழுதும் புத்தகங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம், எழுதுபவர் அதில் சம்பளக்காரர் என்று ஏற்பாடு செய்தார்கள். சில படைப்புகளைக் குடும்பத்தாருக்கே கொடுத்தார்: ‘தி மவுஸ்டிராப்’ நாடகத்தின் உரிமை பேரனுக்கு, பொய்ரோவின் கடைசிக் கதையான ‘கர்ட்டன்’ மகளுக்கு. 1952ல் லண்டனுக்கு வந்த அந்த நாடகம் எவ்வளவு காலம் ஓடியது என்பதை நினைத்தால், ஒரு பையனுக்குக் கிடைத்த பரிசுகளில் அதைவிடப் பெரியது இருக்குமா தெரியவில்லை.

1968ல் அகதா கிறிஸ்டி லிமிடெட்டின் பெரும்பான்மைப் பங்கைப் புக்கர் நிறுவனம் வாங்கியது. 1998ல் அது கோரியன் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது, 2012ல் ஏக்கார்ன் மீடியாவுக்கு. குடும்பமும் தன் பங்கைக் கையில் வைத்திருக்கிறது. இன்று புதிய பொய்ரோ நாவல் எழுத வேண்டுமென்றால் அகதா கிறிஸ்டி லிமிடெட்டின் அனுமதி தேவை. 2014 முதல் சோஃபி ஹன்னா எழுதிவருவது அந்த அனுமதியோடுதான்.

துப்பறிவாளர் தவணையில்தான் விடுதலையாகிறார்

அமெரிக்காவில் புத்தகம் புத்தகமாக உரிமை தீர்கிறது என்றால், பல புத்தகங்களில் வரும் ஒரு பாத்திரம் எப்போது விடுதலையாகிறது? முதல் புத்தகத்தோடா, கடைசிப் புத்தகத்தோடா?

இந்தக் கேள்வியைத் தீர்த்தது ஷெர்லாக் ஹோம்ஸ் வழக்கு. ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. அவற்றில் 50 அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டன, 1923 முதல் வந்த 10 மட்டும் உரிமையில் இருந்தன. லெஸ்லி கிளிங்கர் என்ற வழக்கறிஞர் மற்ற எழுத்தாளர்களின் புதிய ஹோம்ஸ் கதைகளைத் தொகுத்தார். முதல் தொகுப்புக்கு வாரிசுகள் தரப்பு 5000 டாலர் கேட்டது, பதிப்பகமும் கொடுத்துவிட்டது. இரண்டாவது தொகுப்புக்குக் கேட்டபோது கிளிங்கர் நீதிமன்றம் போனார்.

வாரிசுகளின் வாதம் கெட்டிக்காரத்தனமானது: ஹோம்ஸ் முழுமையான மனிதராக வளர்ந்தது கடைசிக் கதையில்தான், அந்தக் கதையின் உரிமை தீரும்வரை ஹோம்ஸ் எங்களுக்கே சொந்தம். 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பழைய கதைகளில் உள்ள ஹோம்ஸ் எல்லோருக்கும் பொது, பிந்திய பத்துக் கதைகளில் புதிதாகச் சேர்ந்த குணங்களும் தகவல்களும் மட்டுமே பாதுகாப்பில் இருக்கும் என்றது. வழக்குச் செலவு பற்றிய தீர்ப்பில் நீதிபதி போஸ்னர், வாரிசுகளின் வியாபார முறை மிரட்டிப் பணம் பறிப்பதற்குச் சமம் என்றே எழுதினார்.

வாரிசுகள் அத்தோடு விடவில்லை. ஹோம்ஸின் தங்கையை நாயகியாக்கிய ‘எனோலா ஹோம்ஸ்’ படத்தின் மீது 2020ல் ஒரு வழக்கு. இந்த முறை வாதம் இப்படி: பழைய ஹோம்ஸ் உணர்ச்சியற்றவர், பரிவு காட்டுகிற ஹோம்ஸ் கடைசிப் பத்துக் கதைகளில்தான் வருகிறார், ஆகவே அந்தப் பரிவுக்கு உரிமை எங்களிடம். அதே ஆண்டு இறுதியில் வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. கடைசிக் கதை வெளிவந்தது 1927ல். 2023 ஜனவரியோடு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல்போனது.

இந்த விதியைக் கிறிஸ்டிக்குப் பொருத்திப் பார்த்தால்:

1. அமெரிக்காவில் இப்போது கிடைப்பது 1930 வரையிலான பொய்ரோ. ஸ்டைல்ஸும் அக்ராய்டும் அதில் அடக்கம். ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ (1934) 2030ல் விடுதலையாகும், ‘டெத் ஆன் தி நைல்’ (1937) 2033ல். ‘கர்ட்டன்’ 1975ல் வந்த புத்தகம், ஆகவே 2071. பொய்ரோ இறந்தபோது 1975 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் குறிப்பு வெளியிட்டது. அதே நாட்டில் அவர் முழுமையாக விடுதலையாக இன்னும் 45 ஆண்டு.

2. மார்ப்பிள் முதலில் தலைகாட்டியது நாவலில் அல்ல, 1927 டிசம்பரில் வந்த ஒரு சிறுகதையில். அமெரிக்காவில் அவருடைய கதவு 2026க்கு முன்பே சற்றுத் திறந்துவிட்டது என்று சொல்லலாம். நாவல்தான் புதிது.

3. எந்த மார்ப்பிள் என்பது அதைவிடச் சுவாரசியம். விக்கரேஜ் நாவலில் அவர் பின்னால் வந்த கனிவான பாட்டி அல்ல. தோட்டத்தில் நின்றபடி, பறவை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஊரையே வேவு பார்க்கும் வம்புக்காரி. பாதிரியாரின் மனைவியே அவரை ஊரிலேயே மோசமானவள் என்கிறாள். பின்னாளைய நாவல்களின் மார்ப்பிள் அமெரிக்காவிலும் இன்னும் பூட்டுக்குள்தான்.

நான்சி ட்ரூவிலும் இதே சிக்கல், வேறு வடிவில். 1930ன் நாவல்களைக் கரோலின் கீன் என்ற கற்பனைப் பெயரில் எழுதியவர் மில்ட்ரட் விர்ட் பென்சன். புத்தகத்துக்கு 125 டாலர் மொத்தச் சம்பளம், ராயல்டி கிடையாது. 1959லிருந்து அந்தப் புத்தகங்களைத் திருத்தி, சுருக்கி, மாற்றி எழுதினார்கள். இன்று கடையில் கிடைக்கும் மஞ்சள் முதுகுப் பிரதி பெரும்பாலும் அந்தத் திருத்திய வடிவம். பொதுச்சொத்தானது 1930ன் மூலம் மட்டுமே.

எழுத்தாளரே தன் பாத்திரத்தை இழக்கலாமா?

ஹாமெட் கிட்டத்தட்ட இழந்தார். 1930ல் வார்னர் பிரதர்ஸ் 8500 டாலர் கொடுத்து ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலின் திரைப்பட, வானொலி உரிமைகளை வாங்கியது. 1946ல் அந்த நாவலின் துப்பறிவாளரான சாம் ஸ்பேடை வைத்துப் புதிய வானொலிக் கதைகளுக்கு ஹாமெட் அனுமதி கொடுத்தார். பாத்திரத்தையும் சேர்த்துத்தானே வாங்கினோம் என்று வார்னர் வழக்குப் போட்டது. 1954ல் வந்த தீர்ப்பு: ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதாதவரை பாத்திரம் எழுத்தாளரோடுதான் இருக்கும். கதையே அந்தப் பாத்திரம்தான் என்னும் அளவுக்கு இல்லாவிட்டால், அவர் கதையை நகர்த்தும் ஒரு சதுரங்கக் காய் மட்டுமே.

தொடர் எழுத்தாளர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய ஆறுதல். ஒரு நாவலைப் படத்துக்கு விற்றதற்காகத் துப்பறிவாளரையே பறிகொடுத்தால், அடுத்த புத்தகம் எழுத வழி இருக்காது. ஆனால் அதே தீர்ப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. பாத்திரம் வெறும் காய் என்றால், அதை வேறு ஒருவர் எடுத்தாலும் தடுப்பது கடினம். அமெரிக்க நீதிமன்றங்கள் பின்னாளில் பாத்திரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

விலை உயர்ந்த பொருளுக்குப் பூட்டே இல்லை

இப்போது மையமான இடத்துக்கு வருவோம். பதிப்புரிமை வார்த்தையைக் காக்கும், எண்ணத்தைக் காக்காது. இந்தியாவில் இதை அறுதியிட்டுச் சொன்னது ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் 1978ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கருத்து, கதைக்கரு, சம்பவ அடிப்படை ஆகியவற்றுக்கு உரிமை கிடையாது. அவற்றைச் சொன்ன விதத்தைக் கணிசமாக நகலெடுத்தால்தான் குற்றம்.

கவிதையில் இது நியாயம், அங்கே சொன்ன விதம்தான் எல்லாமே. துப்பறியும் கதையில் நிலைமை தலைகீழ். அங்கே கடினமாகக் கிடைப்பது உத்தி, வாக்கியங்கள் அல்ல. விக்கரேஜ் நாவலையே பாருங்கள். பாதிரியாரின் படிப்பறையில் கர்னல் புரோதரோ சுடப்பட்டுக் கிடக்கிறார். மேசைக் கடிகாரம் கவிழ்ந்து 6.22ல் நின்றிருக்கிறது. கொலை நேரம் அதுதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பாதிரியார் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காக அந்தக் கடிகாரத்தை எப்போதும் கால் மணி முன்னால் வைத்திருப்பவர். அது வீட்டாருக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. கொலையாளிக்குத் தெரியுமா? கதை அங்கிருந்து கிளம்புகிறது. இந்தக் கடிகாரத்தை 1930லேயே யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் கதையில் வைத்திருக்கலாம். தடுக்கச் சட்டமில்லை.

அப்படித்தான் எடுத்தார்கள். தப்பிக்க வழியில்லாத இடத்தில் சிக்கியவர்கள் ஒவ்வொருவராகச் சாகும் வார்ப்பைக் கிறிஸ்டி 1939ல் கச்சிதமாக்கினார். உலகம் முழுக்க அது பரவியது. தமிழில் எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ படம் அதன் வழியில் வந்ததுதான். அதற்கும் வெகு முன்னால் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் குற்றக் கதைகளைத் தமிழ்ப் பெயர்களோடு நம் வாசகர்களுக்குக் கொண்டுவந்தார்.

உத்தியைப் பூட்ட முடியாது என்பதால்தான் பூட்டக்கூடியதை எல்லோரும் வளர்த்தார்கள்: பெயரும், மீசையும், பேச்சும் உள்ள ஒரு துப்பறிவாளர். பொய்ரோவைக் கிறிஸ்டிக்கே சகிக்கவில்லை, ஆனாலும் 33 நாவல்களில் இழுத்துக்கொண்டு வந்தார். வாசகர் கேட்டார்கள் என்பது ஒரு காரணம். சட்டப்படி சொத்தாக நின்றதும் அவர்தான் என்பதை மறக்கக் கூடாது.

சரி, தமிழில் என்ன செய்யலாம்?

1. கிறிஸ்டியின் எந்தப் புத்தகத்தையும் இந்தியாவில் மொழிபெயர்த்து வெளியிட 2036 முடியும்வரை அனுமதி வேண்டும். அவர் மறைந்தபின் 1977ல் வெளியான சுயசரிதைக்கு இன்னும் ஓர் ஆண்டு கூடுதல், காரணம் மறைவுக்குப் பின் வெளியானவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 எண்ணுகிறோம்.

2. ஹோம்ஸை இப்போதே செய்யலாம், ஹாமெட்டையும் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து அச்சிட முடியாது. மூலம் பொதுச்சொத்தாக இருந்தாலும் மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பாளருடையது, அவர் மறைந்து 60 ஆண்டுவரை. இணையத்தில் உலவும் பிடிஎஃப்களில் பல இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

3. கும்பகோணத்து மார்ப்பிள்? அதே பெயர், அதே கிராமம், அதே மருமகன் என்று வைத்தால் வம்பு. அக்ரகாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஊர் வம்பிலிருந்தே கொலையாளியைப் பிடிக்கும் ஒரு அத்தைப் பாட்டியை எழுதினால் யாரும் கேட்க முடியாது.

4. நம் துப்பறிவாளர்களுக்கும் இதே கணக்குதான். தேவன் 1957ல் மறைந்தார், ஆகவே துப்பறியும் சாம்பு கதைகள் 2018 ஜனவரியிலிருந்து எல்லோருக்கும் பொது. சாம்புவுக்குக் கோபுலு வரைந்த சித்திரங்களுக்குத் தனிக்கணக்கு, அவர் மறைந்தது 2015ல். கணேஷ் வசந்தைப் படைத்த சுஜாதா மறைந்தது 2008ல், ஆகவே 2068 முடியும்வரை அவர்கள் இருவரும் வாரிசுகளின் கட்சிக்காரர்கள்.